ஏரி வரைக்கும் வந்த வண்டி

…கம்பெனி ஆயில் ஃபில்டரே கொடு என்று உடனே சொல்லியிருக்கலாம், எத்தனை வருஷமாக அந்தக் கடையில் அதைத்தானே வாங்குகிறோம், இன்றைக்கு மட்டும் ஏன் அப்படி வாயடைத்துப்போய் நின்றோம் என்று காருக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்த தனசிங் நினைத்துக்கொண்டார், முதுகுக்குக் கீழே விரித்திருந்த சாக்கு உறுத்தியது, மேற்குத் தாம்பரத்தில் தேவானந்தத்தின் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக் கண்ணாடி மேஜையும் அதன் மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்த இரண்டு டப்பாக்களும் இன்னும் கண்ணுக்குள்ளேயே இருந்தன. "இன்னா சார், பாப்பாவோட ஜென் காருக்கா? அது மாமியார் வூட்லதானே கீது?" என்று தேவானந்தம் கேட்டார், வந்திருக்கா என்றார் இவர், "சும்மா வந்துகீதா, இல்ல வண்டி இனிமே இங்கதான் நிக்குமா? திரும்பிப் போவுதுன்னா இந்த லோக்கலே போதும் சார், அப்பால அவங்க பாத்துப்பாங்க. இங்கயே நிக்கும்னா கம்பெனிது போட்டுடு." வண்டியைத்தான் கேட்டார் மனிதர், பாவம், வேறென்ன கேட்டார்… ஆனால் தனசிங்கின் காதில் அது வண்டியாக விழவில்லை, இங்கேயே நிற்குமா, திரும்பிப் போகுமா, யாருக்குத் தெரியும், வீட்டில் யார் அதைப் பேசினார்கள், பின்னால் நின்ற ஆட்டோக்காரர் "பெர்சு, சீக்கிரம் வாங்கினு போ" என்று சலித்துக்கொண்ட பிறகுதான் கம்பெனி டப்பாவை எடுத்தார், எதற்காக அதை எடுத்தோம் என்று அவருக்கே புரியவில்லை, அவள் இருக்கப் போகிறாள் என்றா, இல்லை போகிற வண்டி வழியில் நின்றுவிடக் கூடாது என்றா…

ஆஷா வந்தது நேற்றுக் காலையில், மனைவி ரோஸி பால் பாக்கெட்டை எடுக்கக் கதவைத் திறந்தபோது கேட்டுக்கு வெளியே இந்தப் பழைய வெள்ளைக் கார் நின்றிருக்கிறது, உள்ளே ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி மகள் உட்கார்ந்திருக்கிறாள், எப்போது வந்தாளோ, எவ்வளவு நேரம் அப்படியே இருந்தாளோ. பெட்டி இல்லை, பை இல்லை, கைப்பை மட்டும், இந்த மே மாத வெயிலில் மணிக்கட்டு வரைக்கும் மூடிய முழுக்கைச் சட்டை. காபி டம்ளரை வாங்கக் கையை நீட்டினபோது சட்டைக் கை மேலே ஏறியது, அவள் சட்டென்று இழுத்துவிட்டுக்கொண்டாள், அதற்குள் அவர் பார்த்துவிட்டார், விரல் விரலாகக் கன்றியிருந்தது, ஒரு ஆண்பிள்ளையின் பிடி, பார்த்துவிட்டு என்ன செய்தார், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு வண்டி ரொம்ப அழுக்காக இருக்கிறதே என்றார். வாழ்நாளெல்லாம் திருமுடிவாக்கத்துத் தொழிற்சாலையில் தரம் பார்த்தவர், இரும்பில் மயிரிழை விரிசல் இருந்தால் விரலால் தடவியே சொல்லிவிடுவார், சொந்த மகள் கையைப் பார்த்துவிட்டு வண்டி அழுக்கு என்கிறார். சாயங்காலம் ஃபிரெடி போனில் பேசினான், குரலில் ஒரு பிசிறு இல்லை, எப்போதும் போல மரியாதை, "மாமா, அவ ஏதோ கோவத்துல வந்துட்டா, ரெண்டு நாள் இருக்கட்டும், ஞாயித்துக்கிழமை சர்ச் முடிஞ்சதும் அனுப்பி வைங்க, வீட்ல அம்மா வருத்தப்படுறாங்க." அதற்கு இவர் "சரிங்க மாப்பிள்ளை" என்றார். வேறு வார்த்தை வாயில் வரவில்லை, நாலு வருஷமாக அவனிடம் அதைத்தானே சொல்லிப் பழக்கம். பக்கத்தில் நின்ற ரோஸி "பாஸ்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுவோமாங்க" என்றாள், அவளும் சட்டைக் கையைப் பார்த்திருக்கிறாள், ராத்திரி முழுக்க முதுகைக் காட்டிப் படுத்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். இன்று சனிக்கிழமை. எழுந்ததும் தனசிங்குக்குத் தோன்றியது ஒன்றுதான், ஆயில் மாற்ற வேண்டும், ஃபில்டர் மாற்ற வேண்டும், வேறு எதுவும் தோன்றவில்லை, கர்த்தரே, வேறு எதுவுமே தோன்றவில்லை.

முன்சக்கரங்கள் இரண்டும் மரச்சரிவின் மேல் ஏறி நின்றன, பின்சக்கரங்களுக்குக் கல் முட்டுக்கொடுத்திருந்தார், ஸ்பானரை வைத்து அடியிலிருந்த போல்ட்டைத் தளர்த்திக் கையால் கழற்றினதும் ஆயில் சூடாகப் பழைய பேசினில் விழுந்தது, தாரைப் போலக் கறுப்பாக, பிசுபிசுவென்று… இவ்வளவு கறுக்க என்ன காரணம்? கிறிஸ்துமஸுக்கு வந்திருந்தபோது அவரே ஊற்றினது, தேன் நிறத்தில் இருந்தது, அவளுடைய ஆபீஸ் மேடவாக்கத்தில், பள்ளிக்கரணை மாமியார் வீட்டிலிருந்து ஒரு எட்டுத்தான், அந்த ஓட்டத்துக்கு இது ஒரு வருஷம் தாங்குமே. ஃபில்டர் அசைய மறுத்தது, போன தடவை கையாலேதான் இறுக்கினார், சூட்டில் ரப்பர் பிடித்துக்கொண்டுவிட்டது போல, அதைக் கழற்றுகிற பட்டையைச் சுற்றி இழுத்தார், பட்டை வழுக்கியது, மறுபடியும் இழுத்தார், இந்த வண்டியில்தான் அவள் ஓட்டப் பழகினாள், கல்யாணத்தன்று புது வண்டி எதுவும் வேண்டாம்பா இதையே கொடுங்க என்றாள், ஃபிரெடி வீட்டார் அதற்குச் சிரித்தார்கள், அந்தச் சிரிப்பில் ஏதாவது இருந்ததா, அப்போதே கவனித்திருக்க வேண்டுமா, கல்யாண வீட்டில் யார்தான் சிரிக்கவில்லை… ஃபில்டர் கிறீச்சென்று இளகியது, மீதி ஆயில் முழங்கை வரைக்கும் வழிந்தது, வாசற்படிப் பக்கம் செருப்புச் சத்தம் கேட்டது, காரின் அடி விளிம்புக்கும் தரைக்கும் நடுவில் ஆஷாவின் பாதங்கள் வந்து நின்றன, பிறகு அவள் படியில் உட்கார்ந்தாள்.

"காபி ஆறிடும்பா."

"இதோ வரேன்மா. ஆயில் இப்படிக் கறுத்திருக்கே, எங்கயாவது லாங் போனீங்களா ரெண்டு பேரும்?"

 ஏரிப் பக்கமிருந்து காற்று வந்தது, யார் வீட்டிலோ குக்கர் விசில் அடித்தது. அவர் பழைய ஃபில்டரைப் பேசினுக்குள் வைத்துவிட்டு, அது உட்கார்ந்திருந்த இடத்தைத் துணியால் துடைத்தார், பழைய ரப்பர் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலை விட்டுச் சுற்றினார், ஒட்டவில்லை.

"இங்கதான்பா வந்தேன்" என்றாள் ஆஷா. "ஏரிக்கரை வரைக்கும். மத்தியானம் ஆபீஸ்ல சொல்லிட்டு வந்துடுவேன். அந்த வேப்பமரத்துக்கிட்ட நிறுத்தினா நம்ம மொட்டை மாடி தெரியும். அம்மா துணி காயப்போடுறது தெரியும். கொஞ்ச நேரம் இருந்துட்டுத் திரும்பிடுவேன்."

"வீட்டுக்கு வர்றதுக்கு என்னம்மா?"

"வந்தா சொல்லணுமே."

அவர் கண்ணை மூடிக்கொண்டார், மூடின கண்ணுக்குள் ஏரிக்கரையும் வேப்பமரமும் வந்தன, தினமும் சாயங்காலம் அந்த வழியாகத்தானே நடக்கப் போகிறார், மத்தியானத்தில் போயிருந்தால், ஒரே ஒரு நாள் வெயில் என்று பாராமல் போயிருந்தால்… நாலு தெரு தள்ளி உட்கார்ந்து தன் அம்மா துணி உலர்த்துவதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறாள், இவர் அந்நேரம் ஃபேனுக்குக் கீழே பேப்பரை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கியிருப்பார். ஏதாவது சொல்ல வேண்டும், இப்போதே சொல்ல வேண்டும், என்ன சொல்வது, புது ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் ஆயிலைத் தடவிக்கொண்டே இருந்தார், தடவினது போதும், இன்னும் தடவினார்.

"அப்பா… ஞாயித்துக்கிழமை நான் திரும்பிப் போறதுக்குத்தான் வண்டிய ரெடி பண்றீங்களா?"

ஃபில்டர் கையிலிருந்து நழுவி மார்பின் மேல் விழுந்தது. இல்லம்மா, இல்லவே இல்ல, அப்படி யாரு சொன்னது என்று உடனே வந்திருக்க வேண்டும் வார்த்தை, அது வரவில்லை, அந்த ஒரு மூச்சு நேரத்தில் அவரே தன்னைக் கேட்டுக்கொண்டார், இல்லையா, நிஜமாகவே இல்லையா, கடை திறந்ததும் திறக்காததுமாகத் தாம்பரத்துக்கு ஓடினது எதற்கு, சரிங்க மாப்பிள்ளை என்றது யார், நாளைக்கு இந்த வண்டியை இறக்கி டயரில் காற்று சரிபார்த்து கேட் வரைக்கும் வந்து கையாட்ட வேண்டும் என்றுதான் தன் கை தானாகவே வேலை செய்துகொண்டிருந்ததா… "இல்லம்மா" என்றார், பிந்தி வந்தது, பிந்தி வந்ததை அவளும் கேட்டிருப்பாள். "நீ எங்கயும் போக வேணாம். நான் ஃபிரெடிகிட்ட பேசுறேன். நாளைக்கு இல்ல, இன்னிக்கே பேசுறேன்."  அவள் பாதங்கள் மட்டும் தெரிந்தன, ஒரு பாதத்தின் மேல் இன்னொரு பாதம், சின்ன வயதிலிருந்து அவள் அப்படித்தான் உட்காருவாள். இன்னும் எதையாவது சொல்ல வேண்டுமென்று தனக்குத் தெரிந்த பக்கத்துக்கே ஓடினார்.

"அப்புறம், வண்டியில ஏதோ சத்தம் வருதுன்னு போன்ல சொன்னியே, அப்பப்ப சொல்லுவியே, அதையும் இன்னிக்குப் பாத்துடலாம்னுதான் ஏத்தினேன். அடியில எல்லாம் தட்டிப் பாத்துட்டேன், ஒண்ணும் தெரியல. எப்படிம்மா வரும், திருப்பும்போதா, பிரேக் போடும்போதா?"

"சத்தம் எதுவும் வரலப்பா."

"சரியாயிடுச்சா?"

"எப்பவுமே வரல." அவள் எழுந்தாள், செருப்பு தரையில் உரசியது. "வண்டில சத்தம்னு சொன்னா வந்து பாப்பீங்கன்னு நினைச்சேன்."

உள்ளே போய்விட்டாள், கொசுவலைக் கதவு சாத்திக்கொண்டது, சமையலறையில் ரோஸியின் குரல் கேட்டது. தனசிங் மார்பின் மேல் கிடந்த ஃபில்டரை எடுக்காமல் அப்படியே படுத்திருந்தார், தலைக்கு மேலே திறந்த துவாரத்திலிருந்து கடைசி ஆயில் சொட்டு சொட்டாக விழுந்துகொண்டிருந்தது, அவள் முதல் தடவை சத்தம் என்று சொன்னபோது தாம் என்ன சொன்னோம் என்று யோசித்தார், டயரில் காற்றைப் பார் என்றாரா, கியரை மாற்றி ஓட்டு என்றாரா, பழைய வண்டி என்றால் அப்படித்தான் இருக்கும், போகப் போகப் பழகிவிடும் என்றாரா… அதைத்தான் சொன்னார் போலிருக்கிறது, சிரித்துக்கொண்டே வேறு சொல்லியிருப்பார், அந்தப் பக்கம் அவள் சரிப்பா என்று போனை வைத்திருப்பாள், எந்த அறையில் நின்றுகொண்டு வைத்தாளோ.