காற்று இறங்கும் நேரம்

வேட்டைப் பருவத்தின் கடைசி நாள். ஒரு பெட்டை எல்க் மானைச் சுட வெர்லின் வாங்கிய அனுமதிச் சீட்டு இன்னும் அவன் சட்டைப் பையிலேயே இருந்தது.

"இன்னைக்கும் இல்லேன்னா துப்பாக்கிய அலமாரில பூட்டிடறேன், நோரீன். இனி எடுக்கமாட்டேன்."

அவன் நுரையீரல் மலை ஏறவிடாது. மானோ கீழே இறங்குவது இருட்டிய பிறகுதான். வாரம் முழுவதும் அப்படித்தான். இரவெல்லாம் ஓடையோரப் புல்வெளியில் மேய்ச்சல். விடிவதற்கு முன் வடக்குச் சரிவின் அடர்ந்த மரங்களுக்குள் படுக்கை. மீண்டும் இறங்கும்போது சுடுவதற்கான சட்ட நேரம் முடிந்திருக்கும்.

அரை மணி முன்னால் இறங்கினால் போதும்.

பன்றி இறைச்சி வறுக்கும்போது போடும் பழைய கோட்டை எடுத்து மாட்டினேன். வெர்லின் மூக்கைப் பிடித்துக்கொண்டான்.

"கல்யாணமான நாள்லேர்ந்து, வேட்டைன்னா நான் உன்ன வாசனை சோப்பே தொடவிடல. இன்னைக்கு இதைப் போட்டுட்டு எங்க கிளம்பிட்ட?"

"மேல. மான் படுத்திருக்கிற இடத்துக்கு மேல போய் நிக்கப்போறேன்."

"மலையத் தாண்டி ஓடிடும்."

"கிட்டப் போனாத்தான் ஓடும். தூரத்திலேர்ந்து லேசா மோந்தா, எழுந்து மெதுவா நகரும். வாசனை மேலேர்ந்து வந்தா கீழதான நகரணும்?"

அவன் யோசித்தான். "நகரணும். மானுக்கு அது தெரியணுமே."

"நீ கீழ ஓடைகிட்ட இரு. சரிவுல நிழல் விழுற வரைக்கும் வண்டியவிட்டு இறங்காத. வெயில் இருந்தா காத்து மேல போகும், உன் வாசனையும் போகும்."

"எனக்கே சொல்றியா?"

"ஆமா."

மலையின் மறுபுறமாகச் சுற்றி ஏறினேன். உச்சிக்குக் கீழே, பனி மூடிய ஒரு பாறையருகே நின்றேன். வெயில் போனது. கன்னத்தில் பட்டுக்கொண்டிருந்த காற்று நின்றது. பிறகு முதுகுப்பக்கமிருந்து, குளிர்ந்து, கீழே நகரத் தொடங்கியது. கோட்டின் பொத்தான்களைக் கழற்றினேன்.

மரங்களுக்குள் ஒரு கிளை முறிந்தது. குட்டியைக் கூப்பிடும் ஒரு பெட்டையின் மெல்லிய குரல். ஓட்டமில்லை. நடை.

வெளிச்சம் மங்கிக்கொண்டே வந்தது. இன்னும் சுடவில்லை. மூச்சிரைத்தால் கை ஆடும். கை ஆடினால் வெர்லின் சுடமாட்டான்.

ஒரே ஒரு வெடி.

நான் இறங்கி வந்தபோது அவன் பெட்டையின் பக்கத்தில் பனியில் உட்கார்ந்திருந்தான். ஒரு கை அதன் விலாவின் மேல். மறு கையில் சீட்டும் கத்தியும். சுட்ட தேதியைச் சீட்டில் வெட்டிக் குறிக்க வேண்டும்; அதைச் சுட்டவன்தான் செய்ய வேண்டும். கத்தி முனை சீட்டில் வழுக்கிக்கொண்டே இருந்தது. நான் திரும்பி, மானை இழுக்கக் கொண்டுவந்த கயிற்றைப் பிரித்தேன். முடிச்சே இல்லாத கயிறு. வெகுநேரம் பிரித்தேன்.

"ஆச்சு," என்றான்.

"சரி."

"அடுத்த வருஷம் நீ சீட்டு வாங்கு. நீ கீழ உக்காரு."

"அப்ப மேல யாரு நாறுறது?"

சிரித்தான். சிரிப்பு இருமலானது. இருமல் அடங்கும்வரை அந்தக் கோட்டால் அவன் தோளைப் போர்த்திப் பிடித்துக்கொண்டேன்.