மரங்கொத்திப் பெட்டி

பார்வையில்லாதவர்களுக்காகப் பாடப்புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்வது அவள் வேலை. வீட்டின் சின்ன அறையில் ஜன்னலுக்குப் போர்வை மாட்டி, மின்விசிறியை நிறுத்திவிட்டு, வியர்க்க வியர்க்க வாசிப்பாள். பதிவுகளெல்லாம் ஹாலில் இருந்த ஒரு கறுப்புப் பெட்டிக்குப் போய்ச் சேரும். உள்ளே இரண்டு ஹார்டு டிஸ்க். எதைப் போட்டாலும் இரண்டிலும் பதியும். லேப்டாப்பில் இடம் போதாததால், பெட்டிக்குப் போனதை அவள் அதில் அழித்துவிடுவாள்.

"ஒண்ணு மண்டையப் போட்டாலும் இன்னொண்ணு இருக்கும். நீ நிம்மதியா வாசி," என்று சொல்லித்தான் கணவன் அதை வாங்கி வந்திருந்தான். அவன் லிஃப்ட் மெக்கானிக். மெஷின் விஷயத்தில் அவன் சொன்னால் வீட்டில் மறுபேச்சு கிடையாது.

ஒரே தொல்லை, சத்தம். டக்டக், கொர்ர், டக்டக் என்று எந்நேரமும் கொத்திக்கொண்டே இருந்தது. 'மரங்கொத்தி' என்று பேர் வைத்தாள். அது சுவர் தாண்டி மைக்கிலும் விழுந்தது. அவள் முதுகெலும்பைப் பற்றி வாசித்தால், பின்னால் யாரோ அதில் ஆணி அடிப்பது போலிருக்கும்.

அந்த நேரம் பார்த்து அவள் கழுத்தில் ஒரு கட்டி. அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்த டாக்டர், "குரல் நரம்பு பக்கத்துலயே ஓடுது. குரல் கொஞ்சம் மாறலாம்," என்றார். கையில் இருந்ததோ பிசியோதெரபி படிக்கும் ஒரு மாணவிக்கான தலையணை மொத்தப் புத்தகம். முதல் பாதியைத்தான் அனுப்பியிருந்தாள்.

"இந்த மரங்கொத்திய எங்கயாவது கொண்டுபோய்த் தொலைங்க. நான் முடிக்கிற வரைக்கும் இது சத்தமே என் காதுல விழக் கூடாது."

அவன் பெட்டியைச் சுற்றி ஸ்பாஞ்ச் வைத்துக் கட்டி, படுக்கையறை அலமாரிக்குள் வைத்து, கதவைச் சாத்தினான். வீடு சட்டென்று அடங்கிப்போனது.

"எப்படி?" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான்.

மிச்சப் பாதியையும் வாசித்து முடித்துவிட்டுத்தான் அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். கட்டி நல்லபடியாக வெளியே வந்தது. ஆனால் கட்டுப் பிரித்து அவள் "தண்ணி" என்று கேட்டபோது, தொண்டையிலிருந்து வேறு யாரோ பேசினார்கள். கரகரவென்று, தடித்து, பாதியில் உடைந்து. "போகப் போகத் தேறும். பழையபடி வராது," என்றார் டாக்டர். புத்தகம் முடிந்துவிட்டது, அது போதும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

பேசாமல் வீட்டில் படுத்திருந்த நாட்களில், எங்கேயோ 'கீ... கீ...' என்று மெல்லிசாகக் கேட்டது. கணவனிடம் சைகையில் கேட்டாள்.

"பக்கத்து வீட்டு வாஷிங் மெஷினா இருக்கும். நீ தூங்கு," என்றான்.

உடம்பு தேறியதும், இரண்டாம் பாதியை அனுப்ப உட்கார்ந்தாள். லேப்டாப்பில் பெட்டி திறக்கவில்லை. அலமாரிக் கதவைத் திறந்தபோது அனல் முகத்தில் அடித்தது. பக்கத்தில் மடித்து வைத்திருந்த துணிகள், இப்போதுதான் இஸ்திரி போட்டது போலச் சுட்டன. ஸ்பாஞ்சுக்கு நடுவே ஒரு சிவப்பு விளக்கு.

அழிந்ததை மீட்டுத்தரும் கடைக்கு இருவரும் ஓடினார்கள். அங்கிருந்த பெண் டிஸ்க்குகளைச் சோதித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"சூட்டுல ஒண்ணு எப்பவோ போயிருக்கு சார். இன்னொண்ணு தனியா தம் கட்டி ஓடி, அதுவும் போயிருச்சு. உள்ள தகடெல்லாம் கீறல். ஒண்ணும் எடுக்க முடியாது." பிறகு புரியாமல் கேட்டாள்: "முதல் டிஸ்க் போனதுமே பெட்டி கத்தியிருக்குமே. உங்களுக்குக் கேக்கலையா?"

அவன் வெளியே வந்து வண்டியில் சாவியைப் போடப் பார்த்தான். போடாமலே அவள் பக்கம் திரும்பினான்.

"லிஃப்ட்ல எவனாவது மாட்டிக்கிட்டு மணி அடிச்சா, சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாம ஓடுறவன் நான். என் வீட்டுக்குள்ள அது நாள்கணக்கா கத்திருக்கு. நானே அது வாயைப் பொத்திக் கட்டிருக்கேன்."

அவளுக்குத் திட்ட வாய் வரவில்லை. சத்தம் கேட்கக் கூடாது என்று சொன்னதே அவள்தானே. உள்ளங்கையால் கழுத்துத் தழும்பைப் பொத்திக்கொண்டு நின்றாள். தன் பழைய குரல் இனித் தன்னிடம் எங்கேயும் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. வெந்நீர் குடித்துக் குடித்து, இரண்டாம் பாதியைப் புதுக்குரலில் மறுபடி வாசித்தாள். இந்தத் தடவை புது டிஸ்க் போட்ட பெட்டி கதவில்லாத தட்டில் காற்றாட இருந்தது. நாத்தனார் வீட்டிலும் ஒரு நகல். எல்லாவற்றையும் அனுப்பிய மறுநாள் மாணவியிடமிருந்து முதல்முறையாகப் போன் வந்தது. அனுப்புகிறவர் வேறு, வாசிக்கிறவர் வேறு என்று அந்தப் பெண் நினைத்திருந்தாள்.

"மேடம், ரொம்ப நன்றி. புதுசா வாசிச்ச அக்காவும் நல்லா வாசிக்கிறாங்க. ஆனா பழைய அக்கா எங்க போனாங்க? அவங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?"

அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"நான்தாம்மா அது. ரெண்டும் நான்தான்."

"விளையாடாதீங்க மேடம்," என்றாள் மாணவி. இவள் கட்டியைப் பற்றிச் சொன்னாள், ஆபரேஷனைப் பற்றிச் சொன்னாள். சொல்லச் சொல்ல, உடைந்த குரல் இன்னும் உடைந்தது.

அந்தப் பெண் கேட்டாள்: "ரொம்ப வலிச்சுதாக்கா?"

இத்தனை நாளும் எல்லோரும் குரலைத்தான் விசாரித்தார்கள். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"வலிச்சுது," என்றாள். "முழுங்க முடியாம வலிச்சுது."