இருபது நிமிஷம்தானே

எங்கள் வீட்டில் 'இருபது நிமிஷம்' என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கண்ணாடிக் கடையின் பின்னறையில் எனக்கு வேலை. ஃபிரேமுக்கு ஏற்றபடி லென்ஸைத் தேய்த்துப் பொருத்த வேண்டும். நாள் முழுக்க மயிரிழைக் கணக்கில் கண்ணை நட்டுவிட்டு வந்து, அதன்பிறகு குழம்பு, பொரியல் என்று அடுப்படியில் நிற்கத் தெம்பு இல்லை. அதனால்தான் போனில் பார்த்து இந்தச் சமையலுக்கு மாறினேன். வாணலி நன்றாகக் காய்ந்ததும் பூண்டு, இஞ்சி, பின்னாலேயே கேரட், முட்டைக்கோஸ், வேகவைத்த நூடுல்ஸ். மேலே சோயா சாஸ், துளி வினிகர். இறக்கும்போது வெங்காயத்தாள். அவ்வளவுதான். ஒரு நாள் நூடுல்ஸ், ஒரு நாள் முட்டை உடைத்து ஊற்றி வறுத்த சோறு, ஒரு நாள் வேர்க்கடலை சாஸில் புரட்டிய கோழி. எல்லோருக்கும் பிடித்துப்போனது. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

இதையெல்லாம் இறக்கிய சூட்டோடு சாப்பிட வேண்டும். ஆறினால் நூடுல்ஸ் ஒட்டிக்கொண்டு பாத்திரம் தேய்க்கிற நார் மாதிரி ஆகிவிடும். என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்தில் எவர் மாட்டிக்கொண்டு கத்துவார் என்று தெரியாது, ஆகையால் இவர் வரும் நேரமும் தெரியாது. ஒரு நாள் ஆறிப்போன தட்டைப் பார்த்துவிட்டு எனக்கு யோசனை சொன்னார். "முன்னாடியே எதுக்குப் பண்ணி வெக்கற? இருபது நிமிஷம்தானே. நான் தெருமுனைக்கு வந்ததும் போன் பண்றேன், அப்ப அடுப்பப் பத்த வை."

என்ன கரிசனம் பாருங்கள். இந்த யோசனையை என் மகள் பிடித்துக்கொண்டாள். கல்லூரி விட்டதும் கணக்கு வகுப்புக்குப் போய்விட்டு வருகிறவள், பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே போன் செய்ய ஆரம்பித்தாள். அவளைப் பார்த்து என் கொழுந்தனும். மருந்துக்கடையில் வேலை, எங்களோடுதான் இருக்கிறார், ஷட்டரை இறக்கியதும் முதல் போன் எனக்கு. ஆக மூன்று போன், மூன்று தடவை அடுப்பு, மூன்று தடவை வாணலி கழுவல். அவரவருக்கு ஆவி பறக்கத் தட்டு வந்துவிடும். நான் கடைசியில், வாணலியில் ஒட்டியதைச் சுரண்டி, நின்றபடியே தின்பேன். சுலபமான சமையல் என்று சொல்லிக்கொண்டு என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டதுதான் மிச்சம்.

இந்த அழகில் திங்கட்கிழமை கடை முதலாளியம்மா என்னைக் கூப்பிட்டார். பின்னறைக்குப் பொறுப்பாக இருந்தவர் விலகுகிறாராம். அடுத்த திங்கட்கிழமையிலிருந்து அந்தப் பொறுப்பு எனக்கு. ஆனால் மாலை ஷிஃப்ட், மதியம் போனால் கடை சாத்தித்தான் திரும்ப முடியும். வெள்ளிக்கிழமை காலையில் பதில் வேண்டும், இல்லையென்றால் வெளியிலிருந்து ஆள் எடுப்பார்களாம்.

எனக்கு அந்த வேலை வேண்டும். இத்தனை வருஷம் என் கையால் பொருத்திய கண்ணாடிக்கெல்லாம் சரிபார்த்ததாக இன்னொருவர் கையெழுத்துப் போட்டார். இனி நான் போட வேண்டும். ஆசைதான், அதில் என்ன வெட்கம்.

அன்றைக்கே வீட்டுக்காரரிடம் சொன்னேன். வாய் நிறைய நூடுல்ஸோடு, நல்ல விஷயம்தான், ஆனால் பெண்ணுக்குப் பரீட்சை வருகிறது, அவளைக் கேட்டுக்கொள் என்றார். பெண்ணைக் கேட்டால், சித்தப்பாவுக்குத்தான் ராத்திரி வெளிச்சாப்பாடு ஒத்துக்கொள்ளாது, அவரைக் கேளுங்கள் என்றாள். சித்தப்பாவைக் கேட்டால், அண்ணன் சொல்வதுதான் அண்ணி என்று கையைக் கழுவப் போய்விட்டார். தனித்தனியாகக் கேட்டால் ஆயுசுக்கும் இப்படியே சுற்றிக்கொண்டிருக்க வேண்டியதுதான் என்று புரிந்தது. மூன்று பேரையும் ஒரே மேஜையில் உட்கார வைத்துச் சொல்ல வேண்டும்.

செவ்வாய்க்கிழமை சொல்லிவிட்டுத்தான் போனேன், எல்லோரும் சேர்ந்து சாப்பிடலாம் என்று. எங்கேயோ ஒரு லிஃப்ட் பாதியில் நின்றது. புதன்கிழமை இவர் நேரத்தோடு வந்தார், மகளுக்கு வகுப்பு நீண்டுவிட்டது. அவருக்குப் பசி தாங்கவில்லை என்று வறுத்துப் போட்டேன், தின்றுவிட்டுப் படுத்துவிட்டார். அன்றைக்கும் மூன்று தடவை வறுத்த சோறு. இது வீடா, ஓட்டலா? ஓட்டலிலாவது அடுப்பை அணைக்க ஒரு நேரம் இருக்கும். அழுகையாக வந்தது, வாணலியைத் தொட்டியில் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

வியாழக்கிழமை எல்லாவற்றையும் நறுக்கினேன். நூடுல்ஸை வேகவைத்து எண்ணெய் பிசிறி வைத்தேன். சாஸ், வினிகர், சர்க்கரை மூன்றையும் ஒரு டம்ளரில் கலக்கினேன். எல்லாவற்றையும் மேஜைமேல் பரப்பிவிட்டு உட்கார்ந்துகொண்டேன்.

முதலில் மகள் போன் செய்தாள். வா என்றேன். வந்து பார்த்துவிட்டு, ஏன் இன்னும் பண்ணவில்லை என்று கேட்டாள். எல்லோரும் வரட்டும் என்றேன். கொழுந்தன் போன் செய்தார். வாங்க என்றேன். வந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்து பச்சைக் கேரட்டைக் கடித்தார். பசியில் மகள் முகம் சுண்டிப்போயிருந்தது. எனக்கும்தான் பசி.

வீட்டுக்காரர் கையில் கிரீஸோடு கடைசியாக வந்தார். எங்கள் மூன்று பேரையும் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார்.

"கேஸ் தீந்துபோச்சா?"

"இல்ல. உக்காருங்க."

சொன்னேன். முதலாளியம்மா கூப்பிட்டது, பொறுப்பு, மாலை ஷிஃப்ட், நாளைக் காலை பதில், எனக்கு அது வேண்டும் என்பது எல்லாம். தடுமாறாமல்தான் சொன்னேன். சொல்லி முடித்து மூன்று முகத்தையும் பார்த்தேன். ஒரு நல்ல வார்த்தை, ஒன்றே ஒன்று, யாராவது சொல்வார்கள் என்று நிஜமாகவே காத்திருந்தேன்.

வீட்டுக்காரர்தான் வாயைத் திறந்தார்.

"அப்ப ராத்திரி சாப்பாடு?"

மற்ற இரண்டு பேரும் அதைத்தான் கேட்க நினைத்திருந்தார்கள் என்று முகத்திலேயே தெரிந்தது. கத்தப்போகிறேன் என்றுதான் நினைத்தேன்.

"இருபது நிமிஷம்தானே" என்றேன்.

வீட்டுக்காரருக்குக் காது சிவந்தது. எழுந்து, சோப்புப் போட்டுக் கையைக் கழுவினார். மகள் பின்னாலேயே போனாள். கொழுந்தன் நறுக்கியதையும் நூடுல்ஸையும் சாஸ் டம்ளரையும் தூக்கிக்கொண்டு போனார்.

அடுப்பைப் பற்றவைப்பதற்குள்ளேயே சண்டை. முதலில் பூண்டா, சாஸா என்று உள்ளேயிருந்து கேட்டார்கள். இரண்டு வருஷமாக இதைத்தான் தின்கிறார்கள். பூண்டு என்றேன். எண்ணெய் புகைந்தது, பூண்டு கருகும் வாசனை கூடம் வரைக்கும் வந்தது. ஓடிப்போய் அடுப்பைக் குறைக்கச் சொல்லி என் கால் துடித்தது. நாற்காலியை மேஜையோடு ஒட்டி இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தே இருந்தேன்.

இருபது நிமிஷம் எப்போதோ தாண்டிவிட்டது. கடைசியில் நான்கு தட்டும் ஒன்றாக வந்தன. நூடுல்ஸ் துண்டு துண்டாக உடைந்திருந்தது, கேரட் வேகவே இல்லை, வெங்காயத்தாள் அப்படியே மேஜையில் கிடந்தது. ஆனால் சூடாக இருந்தது, நாக்கு சுட்டது. இந்த வீட்டில் நாக்கைச் சுட்டுக்கொண்டு நான் சாப்பிட்டு எவ்வளவு நாள் ஆயிற்று.

வீட்டுக்காரர் சாப்பிடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்படி இருக்கு?"

"பூண்டு கருகிப்போச்சு" என்றேன். "திங்கக்கிழமை அடுப்பக் கொறச்சு வெச்சுக்கங்க."