ஒன்பதாவது கோடு

இந்த வருஷமும் பந்தயத்தில் கலியாணசுந்தரத்திடம் தோற்றால் மோரிஸ் மைனர் காரை விற்றுவிடுவதாகத் தேவதாஸ் சொல்லிவிட்டான். சோற்றில் ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னான். கோபமாகச் சொல்லியிருந்தால் கமலவேணி கண்டுகொண்டிருக்க மாட்டாள். கோபமே இல்லாமல் சொன்னதால் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவனைப் பார்த்தாள்.

காஜா பெராங்கில் அவனுடைய மோட்டார் பட்டறை; சுவரை ஒட்டினாற்போல் அவளுடைய போட்டோ ஸ்டூடியோ. கல்யாணமான புதிதில் இருவரும் சேர்ந்து பழைய இரும்புக் கிடங்கிலிருந்து கயிறு கட்டி இழுத்து வந்த கார் அது. அதை வேறொருவன் ஓட்டிப் போவதை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

போட்டி ஒன்றும் சிக்கலானதல்ல. பத்து பெரெண்டாம் விமானத் தளத்தில் மோட்டார் கிளப் நடத்துவது. ஓடுபாதையின் ஒரு முனையில் புறப்பட்டு, மறுமுனையில் நிற்கும் எண்ணெய்ப் பீப்பாயைச் சுற்றிக்கொண்டு திரும்பி வர வேண்டும். ஒவ்வொரு காராக ஓடும். குறைந்த நேரத்தில் வந்தவனுக்குக் கோப்பை. கிளேபாங்கில் டாக்சி வைத்திருக்கும் கலியாணசுந்தரம் இரண்டு வருஷமாக அதைக் கொண்டுபோகிறார். நாடு விடுதலையான மெர்டேக்கா ஆண்டில் தேவதாஸ் ஒரே ஒரு விநாடி வித்தியாசத்தில் தோற்றான்.

"தேவா, அடுத்த வருஷம் கடிகாரத்த கொஞ்சம் மெதுவா ஓடச் சொல்லு லா," என்று அவர் எல்லோர் முன்னாலும் முதுகில் தட்டினார்.

தேவதாஸ் கார்புரேட்டரைக் குற்றம் சொன்னான். பிறகு டயரை. பிறகு பெட்ரோலை.

"உங்க கால சொல்லலையே," என்றாள் கமலவேணி.

"காலுக்கு என்ன? ஓடுபாதையில பீப்பாய்க்கு முன்னால நாலாவது வெள்ளக் கோடு வர்ற வரைக்கும் முழுசா மிதிக்கிறேன். அதுக்கப்புறம்தான் பிரேக்."

"நெசமாவா?"

"பக்கத்துல உக்காந்து பாத்தியா நீ?"

அவள் பார்க்கவில்லை. பார்க்கக்கூடிய ஒன்று ஸ்டூடியோ அலமாரியில் இருந்தது. சீமைக்குத் திரும்பிய தோட்டத்துரை ஒருவர் விட்டுப்போன சினிமா கேமரா. சாவி கொடுத்தால் முப்பது விநாடி ஓடும். விநாடிக்குப் பதினாறு படம் எடுக்கும்.

ஓட்டுபவருக்குப் பக்கத்து இருக்கையைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு மரப்பெட்டியை வைத்தார்கள். குலுங்கக் கூடாதே என்று ரப்பர் ஷீட்டை நாலு மடிப்பாக மடித்து அடியில் கொடுத்து, மேலே கேமராவை இறுக்கிக் கட்டினார்கள். சுற்றிலும் ரப்பர் காடாக இருக்கும் ஊரில் வேறு எதை வைப்பார்கள்? புக்கிட் காதில் ரோட்டில் ஓட்டிப் பார்த்தார்கள். அன்று மாலை அவளே பிலிமைக் கழுவி, காயவைத்து, பூதக்கண்ணாடியில் பார்த்தாள். தந்திக் கம்பங்கள் வெந்த சேமியாவாகக் குழைந்திருந்தன.

"இன்னும் ரெண்டு மடிப்பு வைப்போம்," என்றான் தேவதாஸ்.

ஆறு மடிப்பு வைத்தார்கள். இன்னும் மோசம்.

கமலவேணி பிலிமை விளக்கின்மேல் வைத்து ஒவ்வொரு படமாக நகர்த்தினாள். சட்டென்று நிறுத்தினாள்.

"இங்க பாருங்க. நம்ம காடியோட எஞ்சின் மூடி படத்துல மேலயும் கீழயும் குதிக்குது. மூடியும் கேமராவும் ஒரே காடியிலதானே இருக்கு? சேந்து ஆடினா மூடி அசையாமத் தெரியணும். கேமரா மட்டும் தனியா ஆடுது. ரப்பர்தான் அதத் தூக்கித் தூக்கிப் போடுது."

தேவதாஸ் பட்டறைக்குப் போய், கோண இரும்பை வெட்டி, தரைத்தகட்டில் துளை போட்டு நான்கு போல்ட்டுகளால் முறுக்கினான். கேமரா அதன்மேல் இரும்போடு இரும்பாக உட்கார்ந்தது. சைக்கிள் பிரேக் கம்பி ஒன்றை இழுத்து ஸ்டியரிங்கில் கட்டினான். அதைப் பிடித்தால் கேமரா ஓடும்.

"காத்து அடிக்கிற திசை காட்டுமே, அந்தக் காத்துப்பை கம்பம் தாண்டினதும் புடிங்க. முப்பது விநாடிதான் இருக்கு," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை ஓட்டம். கலியாணசுந்தரம் ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்தார்.

"என்ன தங்கச்சி, புருஷன சினிமா ஸ்டாரு ஆக்கப் போறியா? தோக்கிறவன் வேஷத்துக்கு நல்லா இருப்பான்."

கமலவேணி சிரித்துவைத்தாள்.

அன்றைய பிலிமில் மூடி அசையவில்லை. ஓடுபாதையின் வெள்ளைக் கோடுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெளிவாக வந்தன. ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவே எத்தனை படம் என்று தீக்குச்சி முனையால் எண்ணினாள். பதினெட்டு. மறுபடி பதினெட்டு. மறுபடியும் பதினெட்டு. பீப்பாய்க்கு ஒன்பது கோடு இருக்கும்போது பத்தொன்பது ஆனது. பிறகு இருபத்தொன்று, இருபத்துமூன்று, இருபத்தைந்து, இருபத்தெட்டு.

"ஒன்பதாவது கோட்டுலயே கால எடுத்துடறீங்க," என்றாள். "நாலாவது வர்றதுக்குள்ள இருபத்தாறு படம் வீணாப் போகுது. ஒன்றரை விநாடிக்கு மேல."

அவன் பூதக்கண்ணாடியைப் பிடுங்கித் தானே எண்ணினான். இரண்டு தடவை எண்ணினான்.

"எனக்கே தெரியல, வேணி," என்றான் கடைசியில். "பீப்பாயப் பாத்ததும் காலு தானா எந்திரிச்சிருக்கு."

போட்டி நாள் காலையில் அவள் ஸ்பேனரை எடுத்தாள். "கேமராவக் கழட்டிடறேன். பாரம் கொறையும்."

"வேணாம். அது பாத்துக்கிட்டு இருந்தா காலு ஒழுங்கா இருக்கும்."

கலியாணசுந்தரம் முதலில் ஓடினார். ஒரு நிமிஷம் முப்பத்திரண்டே கால் விநாடி. கூட்டம் கைதட்டியது. அடுத்து தேவதாஸ். கமலவேணி பீப்பாய்ப் பக்கம் போய் நின்றுகொண்டாள். மோரிஸ் மைனர் சிறு புள்ளியாகக் கிளம்பி, காற்றுப்பைக் கம்பத்தைத் தாண்டிப் பெரிதாகிக்கொண்டே வந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். எஞ்சின் சத்தம் இறங்கினால் காதே சொல்லிவிடும்.

ஒன்பது கடந்திருக்கும். சத்தம் இறங்கவில்லை. எட்டு, ஏழு, ஆறு. கூட்டத்தில் யாரோ, "இவன் நிறுத்த மாட்டான் லா," என்றார்கள். ஐந்து. நாலு.

பிரேக் கிறீச்சிட்டது. அவள் கண்ணைத் திறந்தபோது கார் பீப்பாயை உரசுவதுபோல் சுற்றிக்கொண்டு, பின்சக்கரங்கள் வழுக்க, வந்த திசையிலேயே பாய்ந்துகொண்டிருந்தது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அவளும் பின்னாலேயே ஓடினாள்.

ஒலிபெருக்கியில் நேரத்தை இரண்டு முறை சொன்னார்கள். ஒரு நிமிஷம் முப்பத்தொரு விநாடி.

அவள் மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்தபோது தேவதாஸ் கோப்பையைக் காரின் மூடிமேல் வைத்துவிட்டு நின்றிருந்தான். "வித்துடலாமா?" என்றாள். அவன் அவள் கையிலிருந்த செருப்பை வாங்கிக் கீழே போட்டு, "மொதல்ல இதப் போடு, தார் சுடுது," என்றான்.

திங்கட்கிழமை ஸ்டூடியோ திறந்ததும் கலியாணசுந்தரம் வந்தார். பாஸ்போர்ட் படம் எடுக்க வேண்டுமாம். நாற்காலியில் உட்கார்ந்து, சட்டைக் காலரைச் சரிசெய்து, தொண்டையைக் கனைத்தார்.

"தங்கச்சி, அந்தக் கேமராவ காடியில எப்படி மாட்டினீங்க?"

"சொல்றதுக்கு என்னண்ணே? மொதல்ல நல்லா மெத்துனு ரப்பர் வெச்சுக் கட்டுங்க. நாங்க அப்படித்தான் ஆரம்பிச்சோம்."

"எத்தன மடிப்பு?"

"ஆறு."

அவர் வாய்க்குள் ஒருமுறை சொல்லி மனத்தில் வாங்கிக்கொண்டார். சுவருக்கு அந்தப்பக்கம் சுத்தியல் சத்தம் நின்று, யாரோ சிரிப்பை அடக்க இருமுவது கேட்டது.

கமலவேணி கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துக்கொண்டாள். "கொஞ்சம் ஆடாம உக்காருங்கண்ணே."