சாசரில் கரைந்த ஊர்

கார்டின் மூலையை மட்டும் சாசரில் இருந்த வெதுவெதுப்பான தண்ணீரில் முக்கி, அது எழும்பாமல் இருக்க மேலே ஒரு டம்ளரைப் பாரமாக வைத்த பிறகுதான் அவன் காபியைக் கையில் எடுத்தான். அக்காவிடமிருந்து கார்டு வந்தால் அந்த வீட்டில் இதுதான் முறை. முதலில் ஸ்டாம்பு ஊற வேண்டும். படிப்பதெல்லாம் அப்புறம். மூக்குக்கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க ஃபிரேமில் கண்ணாடி பொருத்துகிறவன், பொறுமைக்குப் பேர்போனவன். ஆனால் வெளிநாட்டு ஸ்டாம்பைக் கண்டுவிட்டால் மட்டும் அந்தப் பொறுமை எங்கேயோ போய்த் தொலைந்துவிடும்.

"அக்கா என்ன எழுதியிருக்காங்கன்னு முதல்ல பாக்க மாட்டீங்களா? ஸ்டாம்பு என்ன எழுந்து ஓடியா போயிடும்?" என்றாள் மனைவி.

"என்னத்த எழுதப்போறா? சௌக்கியம், இங்க குளிர் ஜாஸ்தி. ரெண்டு வரிக்கு மேல என்னிக்கு எழுதியிருக்கா?"

மனைவி கழுத்தைச் சாய்த்து, சாசரில் கிடந்த கார்டைப் பக்கவாட்டில் படித்தாள். படித்துக்கொண்டே போனவளின் முகம் மாறியது. "என்னங்க, இது ரெண்டு வரி இல்ல" என்றாள். "டம்ளரை எடுங்க."

எடுத்தான். தண்ணீர் ஊதா நிறத்தில் இருந்தது.

அவனுக்குத் திக்கென்றது. எப்போதும் அக்காவின் கார்டில் இயந்திரம் அடித்த கறுப்பு முத்திரைதான் விழும். அது எத்தனை நாள் ஊறினாலும் போகாது. இந்தத் தடவை யாரோ கையால் அடித்த ஊதா முத்திரை. ஊதா மை தண்ணீருக்கு நிற்காது என்பது ஸ்டாம்பு சேர்க்கிற சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஸ்டாம்பில் ஒரு மங்கல் திட்டைத் தவிர எதுவும் மிச்சமில்லை. போகட்டும், ஒரு ஸ்டாம்புதானே என்று தேற்றிக்கொண்டுதான் கார்டைப் படிக்க ஆரம்பித்தான்.

"தம்பி, இந்த ஊர்லேருந்து உனக்கு நாலு கார்டு போட்டுட்டேன். இது அஞ்சாவது. வேலை வேலைன்னு ஊர் ஊராச் சுத்தினது போதும்னு இங்க தங்கினப்பவே, நீ வந்தா படுக்கன்னு இன்னொரு கட்டில் வாங்கிப் போட்டேன். விலாசம் எழுதலைன்னு சாக்குச் சொல்லாதே. முத்திரையில ஒரு கீத்து தெரிஞ்சாலே ஊரைச் சொல்றவன் நீ. தபாலாபீசுக்கு எதிர் வீடுன்னு முதல் கார்டுலயே எழுதினேன். நீ வரல. ஒரு வரி எழுதவும் இல்ல. அப்பாவுக்கு என் மேல இருந்த கோவம் உனக்கும் இருக்கும்னு நான் நினைக்கல. சரி. மாசக் கடைசியில வீட்டைக் காலி பண்றேன். இனிமே கார்டு போட்டு உன்னைத் தொந்தரவு பண்ண மாட்டேன்."

இரண்டாவது தடவை படிக்கும்போது எழுத்து கலங்கியது. சாசர் தண்ணீர் பட்டுக் கலங்கியது என்று வைத்துக்கொள்வோம்.

உண்மையில் சின்ன வயதில் அவன் அப்படித்தான். அக்கா மிச்சத்தையெல்லாம் கையால் மறைத்துக்கொண்டு முத்திரையை மட்டும் காட்டுவாள். அவன் ஊரைச் சொல்வான். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை ஸ்டாம்பு கூட்டத்தில் சேர்ந்தான், ருசி மாறிவிட்டது. ஸ்டாம்பின் முகத்தில் முத்திரை அறைந்தாற்போல விழுந்திருந்தால் அது அழகு கெட்டது, தள்ளிவிட வேண்டியது என்று அங்கே சொல்லிக்கொடுத்தார்கள். அன்றிலிருந்து அவன் முத்திரையைப் படிப்பதை விட்டுவிட்டுக் குறையாகப் பார்க்க ஆரம்பித்தான். அப்பாவோடு வாய்ச்சண்டை போட்டுப் பெட்டியோடு கிளம்பிய அக்கா விலாசம் எழுதாமலே கார்டு போட்டபோது, தன்னை யாரும் தேடக் கூடாது என்று நினைக்கிறாள் என்றே இவன் முடிவு கட்டிக்கொண்டான். அப்பா போன பிறகும் அப்படியே. அவள் அங்கே கட்டில் வாங்கிப் போட்டுக் காத்திருக்கிறாள், இவன் இங்கே ஓரம் கிழியாமல் ஸ்டாம்பை உரித்துக்கொண்டிருக்கிறான்!

"இன்னிக்குத்தாங்க மாசக் கடைசி" என்றாள் மனைவி, காலண்டரைப் பார்த்து.

இதற்கு முன் வந்த நாலு கார்டையும் தேடி எடுத்தான். எல்லாவற்றிலும் ஸ்டாம்பு இருந்த இடம் வெறும் வெள்ளைச் சதுரம். அதன் ஓரத்தில் வட்ட முத்திரையின் வால், ஊர்ப் பெயரின் கடைசி எழுத்துகள் மட்டும். படப் பக்கத்தைத் திருப்பினால் ஒரு பூனை. அது எந்த ஊர்ப் பூனையோ, யார் கண்டது? உட்கார்ந்தான், எழுந்தான், சட்டையை மாட்டினான், பொத்தானை மாற்றிப் போட்டான். கடைக்குப் போய் ஒரு பெரியவருக்கு இடதுபக்கக் கண்ணாடியை வலதுபக்கத்தில் பொருத்திக் கொடுத்தான். அவர் அதைப் போட்டுக்கொண்டு வாசல்படியில் தடுமாறியபோது முதலாளி இவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"உடம்பு சரியில்லையா?"

"பல்லு வலி முதலாளி" என்று சொல்லிவிட்டு இறங்கி ஓடினான். பொய் என்றாலும், போனது பல் டாக்டரிடம்தான்.

அந்த நாலு ஸ்டாம்பும் அவரிடம்தான் இருந்தன. கூட்டத்தில் எல்லாரும் தள்ளுகிற கறுத்துப்போன ஸ்டாம்புகளைப் பல்லிளித்து வாங்கிக்கொள்கிற ஒரே ஆள் அவர். சொத்தைப் பல்லைப் பார்த்துப் பார்த்து மனுஷனுக்குக் கறுப்பு பிடித்துப்போய்விட்டது என்று சிரித்தவர்களில் இவன் குரல்தான் பலமாக இருந்தது. வெளியே கன்னம் வீங்கிய ஒரு அம்மா காத்திருந்தாள். இவன் கதவருகே போவதும் ஜன்னலருகே வருவதுமாக இருந்ததைப் பார்த்து, "கொஞ்சம் உக்காருங்களேன், தலை சுத்துது" என்றாள். கதவு திறந்ததும் அவளை முந்திக்கொண்டு உள்ளே நுழைந்தான்.

"எந்தப் பல்லு?" என்றார் டாக்டர்.

"பல்லு இல்ல டாக்டர், ஸ்டாம்பு. நான் உங்களுக்குக் குடுத்த நாலு. பனிமலை போட்டது."

"இந்தக் கறையெல்லாம் யாராவது சேப்பாங்களான்னு நீங்கதானே கேட்டீங்க?"

"கேட்டேன் டாக்டர். அதுக்கு ஊசி போடாமலே என் பல்லு எல்லாத்தையும் புடுங்கிக்குங்க. முதல்ல ஆல்பத்தை எடுங்க."

அக்காவின் புதுக் கார்டையும், ஸ்டாம்பு உரித்த பழைய கார்டு ஒன்றையும் நீட்டினான். டாக்டர் புதுக் கார்டைக் கடைசி வரி வரை படித்தார். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு ஆல்பத்தை எடுத்தார். முதல் ஸ்டாம்பு பொருந்தவில்லை. இரண்டாவதில் வட்டம் பிசகியது. மூன்றாவதைச் சாமணத்தால் எடுத்து வெள்ளைச் சதுரத்தில் வைத்து ஒரு நூலளவு நகர்த்தினார். வட்டம் மூடிக்கொண்டது. ஊர்ப் பெயர் முழுசாகத் தெரிந்தது. வாயில் நுழையாத பெயர். இவன் எழுத்துக்கூட்டிச் சத்தமாகப் படித்தான்.

அந்த ஊர்த் தபாலாபீசின் நம்பரை டாக்டரே கம்ப்யூட்டரில் தேடி, போனைப் போட்டு அவன் கையில் கொடுத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஒரு பெண் எடுத்து ஏதோ பாஷையில் ஏதோ சொன்னாள். அவன் தெரிந்த இங்கிலீஷில் எதிர் வீடு என்றான், தம்பி என்றான், அக்காவின் பெயரைச் சொன்னான். மறுபடியும் சொன்னான். அந்தப் பெண் நீளமாகப் பதில் சொன்னாள். அதில் அக்காவின் பெயர் மட்டும் புரிந்தது. அதையும் கோணலாக உச்சரித்தாள். பிறகு ரிசீவரை மேஜைமேல் வைக்கிற சத்தம். நடந்து போகிற சத்தம். மணி கட்டிய கதவு ஒன்று திறந்து மூடியது.

"என்ன சொல்றாங்க?" என்றார் டாக்டர் மெதுவாக.

அவன் கையை உயர்த்தி அவரை நிறுத்தினான். அந்தப் பக்கம் வேறு யாரோ கார்டுகளுக்கு முத்திரை அடித்துக்கொண்டிருந்தார்கள், டொப், டொப் என்று. கன்னம் வீங்கிய அம்மா வாசலில் வந்து நின்றாள். கதவு மணி மறுபடி ஒலித்தது. மரத்தரையில் காலடிகள் நெருங்கி வந்தன. ஒருத்தியுடையதா, இரண்டு பேருடையதா என்று பிரித்தறிய முடியாமல், அவன் மறுகாதை விரலால் அழுத்தி மூடிக்கொண்டான்.