பாஜு குரோங் கழுத்து

என் வீட்டுக்காரர் ஆசை ஆசையாக வாங்கி, ஒரே மாதத்தில் அலுத்துப்போய் அலமாரி மேல் ஏற்றிவிட்ட ரிமோட் காரை நான் கீழே இறக்கினேன். செபராங் ஜெயாவில் ஞாயிறு காலை காலியாகக் கிடக்கும் ஒரு கார் நிறுத்துமிடத்தில் ஒரு கூட்டம் இந்த மாதிரிக் கார்களை ரேஸ் விடும். எல்லாரும் ஆண்கள். நானும் சேர்கிறேன் என்றதும் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சரிலா அக்கா," என்றார் கூட்டத்தை நடத்தும் சீனி முகம்மது. "அடுத்த வாரம் அஞ்சு ரவுண்டு. ஓரத்துல அடுக்கியிருக்கிற டயர்ல மோதாம முடிச்சா நீங்களும் மெம்பர். மோதிட்டா, எங்களுக்கு நாசி லெமாக் கட்டிட்டு வாங்க, உக்காந்து பாருங்க."

நாசி லெமாக்காம்! தேங்காய்ப்பால் சோறு பொங்கிக் கட்ட வேண்டுமாம், இவர்களுக்கு!

டத்தோ கிராமாட்டில் எங்கள் வீட்டுச் சந்தில் தினமும் பழகினேன். ரிமோட்டில் இடது குச்சி வேகத்துக்கு, வலது குச்சி திருப்புவதற்கு. தள்ளினால் கார் பாய்ந்தது. திருப்பினால் பம்பரமாய்ச் சுற்றிச் சாக்கடைக் கட்டில் முட்டியது.

"டைப் அடிக்கிற மாதிரியே அடிக்கிறியே நல்லம்மா," என்றார் வீட்டுக்காரர்.

"பின்ன? பாதி அழுத்துனா எழுத்து விழுமா?" என்று எரிந்து விழுந்தேன். ஆபீசில் அத்தனை வருடம் டைப் அடித்த விரல்கள். அவற்றுக்குத் தெரிந்தது ஓங்கி ஒரே அடி.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், அதே கோபத்தோடு பக்கத்து வீட்டு நோர்மாவின் பாஜு குரோங்கை, அந்த மலாய் நீளச் சட்டையைத் தைக்க உட்கார்ந்தேன். நேர்த் தையலில் கரண்ட் மெஷின் கடகடவென்று ஓடியது. கழுத்து வளைவு வந்ததும் என் கால் தானாகவே பெடலில் தளர்ந்தது. ஊசி மெதுவாக இறங்க, விரல்கள் துணியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பின.

தையலை அப்படியே விட்டுவிட்டுச் சந்துக்கு ஓடினேன். குச்சியை இம்மி நகர்த்தினேன். கார் ஊர்ந்தது! இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் வேகம். வலது குச்சியும் அப்படித்தான். விரல் எவ்வளவு நகர்ந்ததோ அவ்வளவுதான் சக்கரம் திரும்பியது. சந்தில் நின்று குழந்தைபோல் கத்தினேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

ஞாயிறன்று வலது செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். எப்போதும் ஜெயிக்கும் ஜெயராஜின் கார் புயலாய் முன்னால் போனது. கடைசிச் சுற்றின் கடைசி வளைவில் அவன் வேகத்தைக் குறைக்கவில்லை. டயரில் மோதி, குப்புறக் கவிழ்ந்து, என் பாதையின் நடுவில் கிடந்தது அவன் கார்.

"பிரேக், பிரேக்!" என்று யாரோ கத்தினார்கள். விரல் ஓங்கி அடிக்கத் துடித்தது. நான் மெஷின் பெடலில் செய்வதுபோலத் தார்த் தரையில் குதிகாலை ஊன்றி, முன்பாதத்தை லேசாகத் தூக்கினேன். கூடவே கட்டைவிரலும் தளர்ந்தது. டயருக்கும் கவிழ்ந்த காருக்கும் நடுவே கழுத்துத் தையல் போல வளைந்து, எதிலும் உரசாமல், முதலாவதாகக் கோட்டைத் தாண்டினேன்.

"மெம்பர்லா!" என்று சீனி முகம்மது கைதட்டினார்.

"எங்கக்கா கத்துக்கிட்டீங்க?" என்றான் ஜெயராஜ். தையல் மெஷினில் என்று சொன்னேன். நம்பாமல் தலையைச் சொறிந்தான்.

மறுநாள் சாயங்காலம் வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. ஜெயராஜ்தான். கக்கத்தில் ஒரு துண்டுத் துணி.

"அக்கா, அம்மாவுக்கு ஒரு பிளவுஸ் தைக்கணும்," என்றான், செருப்பைக் கழற்றியபடியே. "நானே தைக்கறேனே."