வெதர்பி இறங்காத படிகள்

பொழுது இன்னும் விடியவில்லை. பிரெஞ்சுத் தலைநகரின் லா ஷப்பல் பகுதியில், சிற்றுண்டிக் கடையொன்றின் நிலவறைச் சமையலறையில் ரோல்ஸுக்கு மாப் பிசைந்து வசந்தரூபிக்கு முழங்கைவரை விறைத்துவிட்டது. பக்கத்தில் யதுர்சன் வடை பொரித்துக்கொண்டிருந்தான். பலகைத் தடுப்புக்கு அப்பால், கட்டடத்தைச் சூடாக்கும் மசூத் எண்ணெய்த் தொட்டி. அது கசியத் தொடங்கிச் சில கிழமைகள். நெடி மாவிலும் ஏறியது, தலைமயிரிலும் ஏறியது. பாத்திரம் கழுவும் றொஜர் மயங்கி விழுந்தபோது, யன்னலைத் திறக்கச் சொன்னார் முதலாளி வெதர்பி. நிலவறைக்கு யன்னலே இல்லை.

"அக்கா, இஞ்சை பாருங்கோ."

யதுர்சன் காட்டிய இடத்தில், தடுப்பின் அடியால் கசிந்த எண்ணெய், அடுப்பை நோக்கி ஊர்ந்து வந்திருந்தது. வசந்தரூபி அடுப்பை அணைத்தாள். இருவரும் மேலே ஏறி வந்தார்கள்.

வெதர்பி இங்கிலாந்துக்காரர். இளம் பொறியியலாளராக வடகடலின் எண்ணெய் மேடையில் தொடங்கியவர். பிறகு ஆபிரிக்கக் கரையில் கிணறுகளுக்குப் பொறுப்பாளர். கடைசியில் லண்டனில் இயக்குநர். செலவைக் குறைத்துக் குறைத்தே உயர்ந்ததாக அவரே பெருமையாகச் சொல்வார். ஓய்வு பெற்றதும் இந்தக் கட்டடத்தையும் கீழிருந்த சிற்றுண்டிக் கடையையும் வாங்கினார். குடியிருப்பவர்களை வெளியேற்றிவிட்டு விற்பது எண்ணம். அதுவரை தொட்டியில் கைவைக்கமாட்டார்.

வேலை நின்றதைக் கேட்டு அவர் நேரில் வந்தார். இரண்டாம் மாடியில் இருக்கும் புதுச்சேரிக்காரி ஜிஸ்லேன் அவருடைய பிரெஞ்சைத் தமிழாக்கினாள்.

"ஆயுசு பூரா எண்ணெய் மேலயே தூங்கினவராம். இதெல்லாம் ஒண்ணுமில்லையாம்."

"அப்ப இறங்கிப் பாக்கச் சொல்லுங்கோ," என்றாள் வசந்தரூபி.

வெதர்பி இறங்கினார். ஒரு படி, இன்னொரு படி. அவருடைய மூக்கு விடைத்தது. எடுத்த கால் அப்படியே நின்றது. எண்ணெய் மேடைப் பழக்கத்தில், பொறி எதுவும் பறந்துவிடாதபடி, கை தானாகச் சட்டைப்பைக்குள் போய்த் தொலைபேசியை எடுத்து அணைத்தது. பிறகு உடம்பைத் திருப்பாமல், பின்பக்கமாகவே மேலே ஏறினார்.

"திருத்துபவர் வருவார். வேலையைத் தொடங்குங்கள்," என்றார்.

"நீங்கள் ஏன் இறங்கேல்லை?" என்று கேட்டாள் வசந்தரூபி.

ஜிஸ்லேன் அதைப் பிரெஞ்சில் இரண்டு தரம் கேட்டாள். பதில் வேறாக வந்தது.

"தீயணைப்புப் படையைக் கூப்பிட்டால் கட்டடத்துக்குப் பூட்டு விழும். உங்களுக்கு வேலை போகும், மேலே இருப்பவர்களுக்கு வீடு போகும். பொலிசும் வரும்." அவர் யதுர்சனைப் பார்த்தார். "இவரிடம் விசா இருக்கிறதா?"

வசந்தரூபி யதுர்சனிடம் மெதுவாகச் சொன்னாள்: "தம்பி, நீ கார் து நோர் ஸ்டேஷன் பக்கம் போயிடு. பிறகு தீயணைப்புக்குப் ஃபோன் அடிக்கிறம்."

யதுர்சன் ஏப்ரனைக் கழற்றினான். "மேலை பிள்ளையள் நித்திரை, அக்கா. நான் போனா ஆர் எழுப்புறது?"

அவன் மாடிப்படிகளில் ஓடினான். கதவு கதவாக அவன் தட்டுவது கீழே கேட்டது.

வசந்தரூபி தெருவுக்கு வந்து தீயணைப்புப் படைக்கு அழைப்பெடுத்தாள். ஜிஸ்லேன் தொலைபேசியை வாங்கி முகவரியைச் சொன்னாள். கேட்காமலே தன் பெயரையும் சொன்னாள். பிள்ளைகளைப் போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு சனம் இறங்கி வந்தது. இன்றிரவு எங்கே படுப்பது என்று ஒருவருக்கும் தெரியாது. வெதர்பி வாசலோரம் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியாக யதுர்சன் வந்தான். மார்க்ஸ் டோர்மோய் தெருப்பக்கமிருந்து சைரன் நெருங்கியது.

"பொலிஸ் கேட்டா என்னக்கா சொல்லுறது?"

வசந்தரூபி அவனுடைய ஒரு கையைக் கோத்துக்கொண்டாள். மறுகையை ஜிஸ்லேன் பிடித்தாள். மற்றவர்கள் நெருங்கி வந்து அவர்களுக்கு முன்னால் நின்றார்கள்.

"முதல்ல எங்களைக் கேக்கட்டும்," என்றாள் வசந்தரூபி.